விரல் நுனி சிதைந்தால் தோல் மடல்: முதல் மணி நேரத்திலிருந்து கடைசிப் பயிற்சி வரை

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விரல் நசுங்குவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பால் மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரக் காலத்தில் ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரம். இப்போது செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள், லாரியின் பின்கதவு, மோட்டார் சைக்கிள் சங்கிலி, கோயில் சமையலறைத் தேங்காய்த் துருவி. தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரசராகச் சேர்ந்து, பிறகு அரசாங்க மருத்துவமனையின் அறுவை அறையில் மருத்துவ உதவியாளராக ஓய்வு பெற்றவன் நான். கத்தி ஒருநாளும் என் கையில் இருந்ததில்லை. வெட்டப்படும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. கத்தி பிடிப்பவர் எதைப் பார்த்து எந்த முடிவுக்கு வருகிறார் என்பது அந்த இடத்தில் நிற்பவனுக்கு நன்றாகவே தெரியும்.

இங்கு வந்து சேரும் இளம் மருத்துவர்களும் டிரசர்களும் ஒருபக்கம், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும் குடும்பத்தார் மறுபக்கம். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். குடும்பத்தார் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது: "ஐயா, அடிபட்டது ஒரு விரல். எதற்குப் பக்கத்து நல்ல விரலையும் வெட்டுகிறார்கள்?"

பதில் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. தொடையிலிருந்தோ கையிலிருந்தோ முழுவதுமாக எடுத்து ஒட்டும் தோலுக்குத் தோல் ஒட்டு என்று பெயர். அதற்கென்று இரத்தம் கிடையாது. முதல் ஓரிரு நாள் காயத்தின் ஈரத்தை உறிஞ்சிப் பிழைத்து, பிறகு அடியிலிருந்து வளர்ந்து வரும் நுண்குழாய்களைப் பிடித்துக்கொள்ளும். அடியில் இருப்பது வெற்றெலும்பு என்றாலும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மேலுறை உரிந்து கிடந்தாலும் உறிஞ்ச ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தால் கருகியிருக்கும். மடல் அப்படியல்ல. தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் ஒரு பக்கம் காம்போடு ஒட்டியிருக்க, தன் இரத்தத்தைத் தானே கொண்டுவரும். ஆங்கில மருத்துவத்தில் ஃபிளாப் என்பார்கள். இனி வரும் ஒவ்வொரு படியும் அந்தக் காம்பைக் காப்பாற்றும் வேலைதான்.

முதல் மணி நேரம்

சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் விரலின் இரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். அடிபட்ட விரலில்தான் என்றில்லை, அந்தக் கையில் உள்ள எல்லா மோதிரத்தையும் கழற்ற வேண்டும். கல்யாண மோதிரத்தை அறுக்க மனமில்லாமல் விரலே நீலம் பாய்ந்து வந்தவர்கள் உண்டு.

காப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதையும் அப்பாதீர்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். காப்பித்தூளைக் கழுவி எடுக்க அரைமணி நேரம் ஆகும். அதற்கு அடியில் எது உயிருள்ள சதை, எது செத்த சதை என்று கண்டுபிடிப்பதற்குள் மருத்துவர் பொறுமை இழந்துவிடுவார். ரப்பர் வளையம், கயிறு போட்டு விரலை இறுகக் கட்டுவதும் வேண்டாம்.

துண்டான பகுதி கிடைத்தால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். விரலில் தசை இல்லை என்பதால் குளிரில் வைத்த துண்டு 24 மணி நேரம்வரை தாங்கும். வெறுமனே வைத்திருந்தால் அதில் பாதிதான். ஒட்டவைக்க முடியாமல் போனாலும், அதன் தோலும் நகப்படுகையும் உதவக்கூடும். சிறு குழந்தைகளுக்கு நுனியை அப்படியே வைத்துத் தைத்துவிடுவதும் உண்டு. வண்டி இல்லையென்றால் 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். ஈப்போ பெரிய மருத்துவமனை இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்.

இடையில் ஓர் எச்சரிக்கை. ஆலையிலோ டிராக்டர் பட்டறையிலோ கிரீஸ் துப்பாக்கி விரலில் பட்டு ஊசி முனை அளவு ஓட்டை மட்டும் இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு துளி இரத்தம் வந்திருக்கும், வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே தசைநாண் உறையின் வழியே கிரீஸ் உள்ளங்கைவரை பாய்ந்திருக்கும். அதற்கு அன்றைக்கே திறந்து கழுவும் அறுவை வேண்டும். தோல் பிய்ந்து தொங்கும் விரலைக் காட்டிலும் அந்தச் சின்ன ஓட்டையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

ஊசி போடும் முன் பார்க்க வேண்டியவை

மரத்துப்போகும் ஊசியைப் போட்ட பிறகு தொடு உணர்வைச் சோதிக்க முடியாது. இதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதலில் விரலின் இரு பக்கத்தையும் தனித்தனியாகத் தொட்டு உணர்வு கேளுங்கள். ஒவ்வொரு கணுவையும் தனியாக மடக்கச் சொல்லுங்கள். விரலின் இரு பக்கமும் ஒவ்வொரு தமனி ஓடுகிறது. இரண்டையும் அழுத்தி விரலை வெளுக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் விட்டால் இரத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் எந்த மடலை எடுக்கலாம் என்பதை இந்தச் சோதனையே தீர்மானிக்கும். எக்ஸ்ரே கட்டாயம். அழுக்குக் காயத்துக்குக் கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

பிறகு மூன்று கேள்விகள். எலும்பு தெரிகிறதா? வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நகத்தின் பக்கமா, விரல் சதையின் பக்கமா, நேர்க்குறுக்காகவா? இந்த விரலை வைத்துக்கொண்டு இவர் என்ன வேலை செய்கிறார்?

மூன்றாவது கேள்விக்கு உரிய மரியாதை பல இடங்களில் கிடைப்பதில்லை. குலை அறுப்பவருக்குக் கூலி எடைக் கணக்கில். ஆறு வாரம் கை கட்டிப்போட்டு அழகான விரல் தருவதைவிட, எலும்பை நான்கு மில்லிமீட்டர் குறைத்து, இருக்கும் தோலை இழுத்து மூடி, மூன்று வாரத்தில் வேலைக்கு அனுப்புவது அவருக்கு நன்மையாக இருக்கலாம். அதுவும் முறையான சிகிச்சைதான், தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. தைப்பூசத்தில் உறுமி அடிக்கும் பையனுக்கோ, தையல் இயந்திரத்தில் உட்காரும் பெண்ணுக்கோ விரலின் நீளமும் உணர்வும் பிழைப்பு. மடலின் மேல் உள்ள ஆசையில் மருத்துவர் இதைக் கேட்காமல் விட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எலும்பு தெரியாமல், காயம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒன்றும் செய்யாமலிருப்பதே பல சமயம் சிறந்த வைத்தியம். ஈரம் காக்கும் கட்டுப் போட்டு வைத்தால் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் சுற்றியுள்ள தோல் தானே இழுத்து மூடும். அப்படி ஆறும் நுனியில் உணர்வும் நன்றாகவே வரும். கட்டுக்கு அடியில் வாடை அடிக்கும்; அது பெரும்பாலும் சீழ் அல்ல, பயப்பட வேண்டாம்.

மரத்துப்போகச் செய்தலும் சுத்தம் செய்தலும்

முழு மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினோடு இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்து விரலின் அடியில் போட்டு, அரைமணி நேரம் காத்திருந்தால் வலியும் நிற்கும், இரத்தமும் அடங்கும். விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகும் என்று எங்கள் காலத்தில் பாடம். கனடாவின் டொனால்ட் லலோண்ட் போன்ற கை அறுவை மருத்துவர்கள் அந்தப் பயத்தை உடைத்தார்கள். நோயாளி விழித்திருப்பதால் நடுவிலேயே விரலை மடக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி. விரலின் இரத்த ஓட்டம் ஏற்கெனவே கெட்டிருந்தால் மட்டும் இதைத் தவிர்ப்பார்கள்.

கையுறையின் விரலை வெட்டி, அடிவரை சுருட்டிவிட்டு இரத்தத்தை நிறுத்துவதும் நடக்கிறது. அந்த வளையத்தில் ஒரு இடுக்கியை மாட்டி வையுங்கள். எங்கோ ஓர் இடத்தில் வளையத்தை எடுக்க மறந்து, மேலே கட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் எங்களிடம் வந்தபோது விரல் கரி. இடுக்கி தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் மறக்கமாட்டார்கள்.

சுத்தம் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது. நிறைய உப்புநீர் விட்டுக் கழுவி, நசுங்கிக் கறுத்த சதையை வெட்டிவிட்டு, துருத்தும் எலும்பு முனையை மழுக்க வேண்டும். நகப்படுகை எலும்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் குறைத்துவிடுவார்கள். இல்லையென்றால் தாங்க எலும்பில்லாமல் நகம் கிளி மூக்குப் போல வளைந்து வளரும்.

எளிய மடல்: வி-ஒய்

நேர்க்குறுக்காகவோ நகப்பக்கம் சாய்ந்தோ வெட்டுப்பட்டு, அடிச்சதை மிஞ்சியிருந்தால் இதுதான் முதல் தேர்வு. இத்தாலியின் டிரான்குவில்லி-லியாலி 1935இல் சொன்னது. 1970இல் அட்டசோயும் அவரோடு இருந்தவர்களும் எழுதிய பிறகு பரவலானது.

விரல் சதையில் ஒரு முக்கோணம் வரைய வேண்டும். அகலமான பக்கம் வெட்டு விளிம்பில் இருக்கும். அகலம் நகப்படுகையின் அகலத்துக்கு மேல் போகக்கூடாது. கூர்முனை கடைசிக் கணுவின் ரேகையில் முடிய வேண்டும். வெட்டு தோலின் ஆழத்துக்கு மட்டும். அதற்கடியில் கொழுப்புக்குள் ஓடும் நரம்பும் நுண்தமனியும்தான் காம்பு. அவற்றைக் கத்தி தொட்டால் கதை முடிந்தது. விரல் சதை வழுக்காமல் பிடிப்பதற்குக் காரணம், தோலை எலும்போடு கட்டிவைத்திருக்கும் வெள்ளை நார்கள். மடலின் அடியில், எலும்பையும் தசைநாண் உறையையும் ஒட்டி அந்த நார்களை அறுத்து விடுவிக்க வேண்டும். பக்கவாட்டில் கத்தரியை மெல்ல விரித்துப் பார்த்து, இழுபடுவது நார் என்றால் வெட்டலாம். நீண்டு கொடுப்பது நாளம் என்றால் விட்டுவிட வேண்டும். நான் கொக்கியால் மடலை லேசாக இழுத்துப் பிடித்திருப்பேன். கடைசி நார் அறுபடும் கணத்தில் கொக்கி சட்டென்று இளகும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்கு அது தெரிந்துவிடும்.

ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முன்னேறும். அதற்கு மேல் இழுக்கக்கூடாது. நுனியை நகப்படுகையோடு ஐந்து-சுழி அல்லது ஆறு-சுழி எனும் மிக மெல்லிய நூலால் தளர்வாகத் தைத்து, பின்னால் திறந்த வி வடிவ இடத்தை ஒய் வடிவில் மூட வேண்டும். தைத்ததும் மடல் வெளுத்தால் ஓரிரு தையலை அவிழ்த்துவிடுங்கள். தையல் அழகாக இருக்க வேண்டும் என்று வீம்பு பிடித்தவர்கள் மடலை இழந்திருக்கிறார்கள்.

பக்கத்து விரலிலிருந்து

சதைப்பக்கம் சாய்வாகச் சீவப்பட்டு எலும்போ தசைநாணோ தெரிந்தால், வி-ஒய் எடுக்க அங்கே சதையே இருக்காது. அப்போதுதான் பக்கத்து விரலைத் தேடுகிறோம். 1950இல் குர்டினும் பாங்மேனும் எழுதிய முறை இது.

மோதிர விரலில் காயம் என்று வைத்துக்கொள்வோம். நூல் உறையின் தாளில் காயத்தின் அளவை வெட்டி எடுத்து, நடுவிரலின் புறப்பக்கம், நடுக்கணு எலும்பின் மேல் வைத்துச் சற்றுப் பெரிதாக வரைகிறார்கள். கணு மூட்டின் மேல் ஏறக்கூடாது. மூன்று பக்கம் வெட்டி, காயமுள்ள விரலை ஒட்டிய நான்காம் பக்கத்தைக் கீலாக விட்டு, கதவு திறப்பது போல மடலைத் தூக்க வேண்டும்.

தூக்கும் ஆழம்தான் நுட்பம். நடுவிரலின் நீட்டும் தசைநாண் மேல் பளபளப்பாக, வெங்காயச் சருகு போல ஓர் உறை இருக்கும். அதைத் தசைநாண் மேலேயே விட்டுவிட வேண்டும். பால் மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்கும் விதமே வேறு. நல்ல வெட்டுக்காரர் கத்தியை மரம்வரை இறக்கமாட்டார். மரத்தை ஒட்டி மெல்லிய பட்டையை விட்டுவைத்தால்தான் அங்கே புதுப்பட்டை ஏறும், மரத்தில் காயம் பட்டால் முடிச்சு விழும். இங்கும் அந்தச் சருகு போனால், கொடுத்த விரலின் மேல் வைக்கும் தோல் ஒட்டு பிடிக்காது. இதைக் கேட்ட ஒரு பாட்டி, பேரனின் கையைப் பார்த்துக்கொண்டே, "அப்படியென்றால் டாக்டருக்கு நல்ல கைக்கணக்கு இருக்க வேண்டும்" என்றார். அவர் முப்பது ஆண்டு பால் வெட்டியவர்.

திறந்த கதவு காயத்தின் மேல் கவிழ்கிறது. மூன்று பக்கம் தைத்து, கொடுத்த விரலின் வெற்றிடத்துக்கு முன்கையிலிருந்தோ தொடை இடுக்கிலிருந்தோ முழுத்தடிமன் தோல் ஒட்டு வைத்து, இரு விரலையும் சேர்த்துக் கட்டுவார்கள். இரண்டு முதல் மூன்று வாரத்தில் மடல் புதிய இடத்தில் வேர் பிடித்துவிடும். அப்போது கீலை வெட்டி விரல்களைப் பிரிப்பார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கும் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இந்த முறையைத் தயங்கித்தான் சொல்வார்கள். மூன்று வாரம் அசையாத விரல்கள் பிறகு மடங்க அடம் பிடிக்கும்.

நம்மவர்களுக்கு இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் புறங்கைத் தோல் கறுப்பு, உள்ளங்கைப் பக்கம் வெளுப்பு. புறப்பக்கத் தோல் விரல் சதைக்கு வந்தால் கறுத்த பொட்டாகத் தெரியும். சிலருக்கு முடிகூட முளைக்கும். வெள்ளைத் தோலுக்கு எழுதிய பாடப்புத்தகங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. தெரிந்து ஒப்புக்கொண்டவர் பின்னால் வருத்தப்படமாட்டார்.

மற்ற மடல்கள்

கட்டைவிரல் நுனிக்கு ஸ்வீடனின் மோபெர்க் 1964இல் சொன்ன வழி இருக்கிறது. விரலின் அடித்தோல் முழுவதையும் இரு பக்க நரம்பு, தமனியோடு சேர்த்து ஒன்றரை சென்டிமீட்டர்வரை முன்னே நகர்த்துவது. உணர்வு குறையாது. இந்த அளவு மற்ற விரல்களில் செய்தால் புறப்பக்கத் தோல் செத்துப்போகலாம்.

கட்டைவிரலின் இழப்பு பெரிதென்றால் பட்டம் மடல். ஃபூஷேயும் பிரௌனும் 1979இல் எழுதியது. ஆட்காட்டி விரலின் அடிக்கணுவின் மேல், புறங்கைப் பக்கத்துத் தோலைத் தமனி, நரம்பு என்னும் வாலோடு பட்டம் போல எடுத்து, தோலுக்கடியில் நுழைத்துக் கட்டைவிரலுக்குக் கொண்டுவருவார்கள். முதல் சில மாதம் கட்டைவிரலைத் தொட்டால் ஆட்காட்டி விரலைத் தொடுவதாகவே மூளை சொல்லும். நோயாளிகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இளவயதினருக்கு ஆட்காட்டி அல்லது நடுவிரலை மடக்கி, கட்டைவிரல் மேட்டுச் சதையில் தைத்து வைக்கும் முறை 1926இலேயே வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் வைத்தால் மடங்கிய கணு நீள மறுக்கும். ஒரே விரலின் அடியிலிருந்து தமனியோடு தீவு போல எடுத்து நுனிக்குத் திருப்பும் மடலும் உண்டு. அதற்கு எதிர்ப்பக்கத் தமனி நலமாக இருக்க வேண்டும். முதலில் சொன்ன அழுத்திப் பார்க்கும் சோதனை இதற்குத்தான். உருளை இயந்திரத்தில் விரல்கள் கையுறை கழற்றியது போல உரிந்துவிட்டால், கையைத் தொடை இடுக்கோடு மூன்று வாரம் தைத்துவைக்கும் பெரிய மடல் தேவைப்படலாம். அந்த மூன்று வாரம் குளிப்பதும் உறங்குவதும் எப்படி என்பதை வீட்டார் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

நிறம் பார்க்கும் நாட்கள்

முதல் 48 மணி நேரம் மடலை அடிக்கடி பார்க்க வேண்டும். கட்டில் ஒரு சின்ன ஜன்னல் விட்டிருப்பார்கள். வெளுத்துக் குளிர்ந்திருந்தால் இரத்தம் உள்ளே வரவில்லை. கருநீலமாக, உப்பலாக இருந்தால் வந்த இரத்தம் வெளியேறவில்லை. கறுத்த தோலில் நிறம் ஏமாற்றும். விரலால் அழுத்தி விட்டு இரண்டு விநாடியில் பழைய நிறம் திரும்புகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் மருத்துவர் ஊசியால் குத்திப் பார்ப்பார்: செந்நிற இரத்தம் வந்தால் நிம்மதி, கறுப்பாகச் சட்டென்று வந்தால் தையலைத் தளர்த்த வேண்டும், எதுவும் வராவிட்டால் திரும்பவும் அறுவை அறை.

கையைத் தொங்கவிடாதீர்கள், உறங்கும்போது தலையணை மேல். ரோக்கோக், அதாவது சிகரெட், கூடவே கூடாது. நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். ஒரு நாளைக்கு ஒன்றுதான், பாதிதான் என்ற கணக்கெல்லாம் மடலிடம் எடுபடாது.

காகிதங்களும் கைப்பயிற்சியும்

வேலையில் அடிபட்டிருந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு, அதாவது மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால் நாள் ஊதியத்தின் 80 விழுக்காடு தற்காலிக உதவியாகக் கிடைக்கும். விரலில் நிரந்தரக் குறை இருந்தால் தனி மதிப்பீடு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலை விபத்துக் காப்பில் இருக்கிறார்கள். பக்கத்து அறை வங்காளதேசத்துப் பையனுக்கும் இதைச் சொல்லுங்கள்.

விரல்களைப் பிரித்த மறுநாளே மடக்கி நீட்டத் தொடங்க வேண்டும், வலிக்கும்தான். புண் முழுதும் ஆறியதும் கூச்சத்தைக் குறைக்கும் பயிற்சி. இதற்குச் சமையலறையே போதும். முதலில் பஞ்சால் தடவுவது, பிறகு துண்டு, அடுத்து ஒரு பாத்திரத்தில் உளுந்தைப் போட்டு விரலை நுழைத்து அளைவது, கடைசியில் பச்சரிசி, மணல். வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து வேளை. முதல் ஒன்றிரண்டு ஆண்டு அதிகாலைப் பனியிலும் குளிரூட்டிய பஸ்ஸிலும் நுனி விண்ணென்று வலிக்கும். ஒரு துணி விரலுறை வைத்துக்கொண்டால் போதும்.

நரம்பு வெட்டுப்பட்டிருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும், அவசரப்படுத்த வழியில்லை. உணர்வு எவ்வளவு திரும்பியது என்று அளக்க நாங்கள் காகிதக் கிளிப்பை வளைத்து, இரண்டு முனையையும் ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்துத் தொடுவோம். ஒன்றா, இரண்டா? வீட்டில் கிளிப் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பையில் கையை விட்டு, இருபது காசையும் ஐம்பது காசையும் பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.